ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: சனிக்கிழமை நூலும் ஆணியும் கொடுத்து அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியின் பின்பக்கச் சுவரில் ஒரு பெரிய ஓவியம் வரையப் போகிறார்கள். ஓவியத்துக்கு எதற்கு நூலும் ஆணியும் என்று சிலர் போனில் கேட்டீர்கள், சரி, எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் வரையப்போவது ஒரு பழைய இத்தாலிய ஓவியத்தில் வரும் கூரையை.

இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் சாந்தா மரியா நோவெல்லா என்று ஒரு தேவாலயம். உள்ளே இடப்பக்கச் சுவரில் மசாச்சோ என்ற ஓவியர் 1427 வாக்கில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைந்த 'திரித்துவம்' (பிதா, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை) என்ற ஓவியம் இருக்கிறது, ஆறு மீட்டருக்கு மேல் உயரம். சிலுவையில் இயேசு, அவருக்குப் பின்னால் பிதா, மேலே கட்டம் கட்டமான வளைவுக் கூரை. வெறும் தட்டைச் சுவர்தான், ஆனால் எதிரே போய் நின்றால் சுவரைக் குடைந்து உள்ளே ஓர் அறை கட்டியது போலவே இருக்கும். காரணம், கூரையில் உள்நோக்கி ஓடும் கோடுகள் எல்லாம் சிலுவையின் அடியில், நம் கண் மட்டத்தில், ஒரே புள்ளியில் போய்ச் சேர்கின்றன. அங்கே ஆணி அடித்து, நூலை இழுத்துப் பிடித்து, ஈரப் பூச்சில் அழுத்திக் கோடு போட்டிருக்கிறார்கள், அந்தத் தடம் இன்றும் தெரிகிறது. நம் ஊர்க் கொத்தனாரும் ஆசாரியும் நூல் பிடிக்கிறார்களே, அதே வேலைதான். இதை வரைந்து முடித்த மறு வருடமே, 27 வயதுகூட முழுதாக ஆகாத நிலையில் மசாச்சோ இறந்துவிட்டார் என்று சொன்னதும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

1570 வாக்கில் வசாரி என்ற ஓவியரும் கட்டடக் கலைஞருமானவர் இந்த ஓவியத்தின் முன்னால் ஒரு பலிபீடத்தை எழுப்பி மறைத்துவிட்டார். ஆனால் ஓவியத்தை அழிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏறத்தாழ 300 வருடம் கழித்துத்தான் மறுபடி வெளியே வந்தது.

அப்புறம், தேவாலயத்தின் முகப்பு. ஆல்பெர்ட்டி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1470 என்று மேலேயே பொறித்திருக்கிறார்கள். நடுக்கூடம் உயரம், இரண்டு பக்கமும் தாழ்வு, அந்த ஏற்ற இறக்கத்தை மறைக்க இருபுறமும் சுருள் வடிவில் பளிங்கு வைத்தார். மொத்த முகப்பும் ஒரு சதுரத்துக்குள் அடங்கும், மேல்தளத்தின் நடுப்பகுதி அதில் கால்பங்குச் சதுரம். எங்கள் கணக்கு டீச்சர் இதை வைத்தே ஒரு முழு வகுப்பு எடுத்தார்.

இது சமயப் பாடமா என்று ஒரு பெற்றோர் கேட்டார், நியாயமான கேள்வி. நாம் வரையப்போவது அந்த வளைவுக் கூரையை மட்டும்தான், எந்தக் கடவுள் உருவமும் இல்லை.

ஆளுக்குப் பத்து மீட்டர் கெட்டி நூல், ஓர் ஆணி போதும். கொத்து வேலை, மர வேலை தெரிந்த பெற்றோர் காலை ஒன்பது மணிக்கு வந்து, நூல் தொய்யாமல் பிடிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டினால் ரொம்ப உதவியாக இருக்கும். யார் வீட்டிலாவது உயரமான ஏணி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்