உறைந்த குளமும் கரையில் நிற்பவரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில், உறைந்த குளத்தின் நடுவே பிள்ளைகள் சறுக்கி விளையாடும் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். படம் அழகுதான். ஆனால் பனியின் கனத்தை யாராவது அளந்தார்களா என்று அதன் கீழே ஒரு வரி கூட இல்லை. தீயணைப்புப் பிரிவில் தன்னார்வலராக இருந்து, குளிர்காலந்தோறும் பனிநீர் மீட்புப் பயிற்சிக்குப் போகிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கண்ணாடி போலத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. கனம் இருந்தால்தான் ஒருவர் நடக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வெளுத்த பனிக்கு அதில் பாதி பலம்தான். ஒரே குளத்திலும் கனம் ஒன்றுபோல இருக்காது. வாய்க்கால் வந்து சேரும் இடம், பாலத்தின் அடி, நாணல் ஓரம், ஊற்றுக்கண் ஆகிய இடங்களில் மெலிந்திருக்கும். மேலே வெண்பனி மூடியிருந்தால் அது கண்ணுக்கும் தெரியாது.

குளிர்நீரில் விழுந்ததும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்த நொடி முகம் நீருக்குள் இருந்தால் பெரும் ஆபத்து. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: மூச்சு நிதானப்பட 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். விறைத்துத்தான் சாவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே விரல்கள் கைவிட்டுவிடும். பயிற்சியில் கையுறையைக் கழற்றிவிட்டு நீரில் கையை வைத்திருந்தேன். அப்புறம் கயிறு உள்ளங்கையில் வந்து விழுந்தும் மடக்கிப் பிடிக்க முடியவில்லை. கயிற்று நுனியில் பெரிய வளையம் போட்டு எறியச் சொல்வது இதனால்தான். கையை நுழைத்து அக்குளில் மாட்டிக்கொண்டால் போதும்.

எனக்கு அதிகக் கவலை கரையில் நிற்பவரைப் பற்றித்தான். தம்பி விழுந்தால் அண்ணன் ஓடுவான், பிள்ளை விழுந்தால் அப்பா ஓடுவார். நாயைக் காப்பாற்றவும் ஓடுகிறார்கள். பாசம் புரிகிறது, ஆனால் சின்னப் பிள்ளையைத் தாங்காத பனி பெரியவரை எப்படித் தாங்கும்? நீர் புகாத உடையும், இடுப்பில் கயிறும், அதைப் பிடிக்கக் கரையில் ஆட்களும் இல்லாமல் நாங்களே இறங்குவதில்லை. இறங்கினாலும் குப்புறப் படுத்துத்தான் நகர்வோம்.

முதலில் அவசர உதவியை அழையுங்கள். பிறகு கரையில் படுத்தபடி கழியோ ஏணியோ நீட்டுங்கள், கயிறு இருந்தால் எறியுங்கள். சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள்: "வந்த பக்கமே திரும்பு! கையைப் பனிமேல் வை, காலை உதை! ஏறியதும் எழுந்து நிற்காதே, உருண்டு வா!" வந்த வழிப் பனி அதுவரை அவரைத் தாங்கியிருக்கிறது, அதனால் அந்தப் பக்கம்.

1867 ஜனவரியில் லண்டன் ரீஜென்ட் பூங்கா ஏரியில் பனி உடைந்து 40 பேர் இறந்தார்கள். அதன்பின் ஏரியின் ஆழத்தையே குறைத்தார்கள். எல்லாக் குளத்தையும் அப்படிச் செய்ய முடியாது, சரி. மக்கள் நடமாடும் குளக்கரைகளில் எறிகயிறும் ஏணியும் வைக்கலாமே? உள்ளாட்சியினர் இதைச் செய்ய வேண்டும். நீங்களும் அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது, கரையில் நிற்பவர் செய்ய வேண்டியதைப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தீயணைப்புத் தன்னார்வலர் ஒருவர்