செயலாளரின் ஆண்டறிக்கை: பரணிலிருந்து வந்த ரயில் இதழ்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நம் மாடல் ரயில் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாந்திரக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் இருவர் பள்ளி மாணவர்கள். மண்டப வாடகை கட்டுப்படியாகாததால் கண்காட்சி நடத்த முடியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது நூலகம்தான். பெரம்பூர் கோச் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஜூன் மாதம் காலமானார். காரியம் முடிந்த பிறகு அவருடைய துணைவியார் நம்மைக் கூப்பிட்டு, "பழைய பேப்பர் கடைக்குப் போட மனசு வரலை, நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க" என்று பரணைக் காட்டினார். ஏழு அட்டைப் பெட்டிகள் நிறைய மாடல் ரயில் இதழ்கள். ஒன்றின் மூலையைக் கரையான் அரித்திருந்தது. மற்றவை பத்திரமாக இருந்தன. ஆண்டுவாரியாகச் சணலால் கட்டி, மேலே ஆண்டை எழுதி வைத்திருந்தார். பழைய இதழ்களில் பல, 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து தூசி தட்டி அடுக்கினோம். அடுக்கி முடித்துப் பார்த்தால், அலமாரியே ஒரு வரலாற்றைச் சொல்லியது. 'மாடல் ரயில்ரோடர்' இதழின் 1990-களின் ஓர் ஆண்டுக் கட்டு நான்கு விரற்கடை கனம். கடைசிக் கட்டுகள் அதில் பாதிதான்.

அந்த இதழைத் தொடங்கியவர் அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் அச்சகம் நடத்திய ஏ.சி. கால்ம்பாக். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1934 ஜனவரி தேதியிட்டு முதல் இதழைக் கொண்டுவந்தார். அன்று ஒரு கம்பெனியின் சக்கரம் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஓடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1935-ல் அதே மில்வாக்கியில் ஆர்வலர்கள் கூடி, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கத்தை அமைத்துப் பொது அளவுகளை வகுத்தார்கள். ஊருக்கு ஒருவராகத் தனித்தனியே கிடந்தவர்களை அப்படி ஒன்றுசேர்த்ததில் இதழுக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட், எல் வடிவ மரச்சட்டங்களை வைத்து மாடல் ரயில் ஓடும் மேடை கட்டும் முறையைக் கொண்டுவந்தார். நம் பெரிய மேடைக்குக் கீழே குனிந்து பாருங்கள், அதே முறைதான்.

பிரிட்டனில் இதற்கும் முன்பே, 1925-ல், 'மாடல் ரயில்வே நியூஸ்' வந்துவிட்டது. ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது 1949-ல் தொடங்கிய 'ரயில்வே மாடலர்'. அதன் ஆசிரியர் சிரில் ஃப்ரீசர், இடமில்லாத வீட்டுக்காரர்களுக்காகவே யோசித்த மனிதர். 1957-ல் அவர் வெளியிட்ட 'மைனரீஸ்' வரைபடம் ஒரு சிறு பலகைக்குள் அடங்கும் நகர முனைய நிலையம். மூன்று நடைமேடைகள்; எதிலிருந்தும் ரயில் வரலாம், போகலாம், பெட்டிகள் கூர்மையாக வளைந்து நெளிய வேண்டியதில்லை. பரணிலிருந்து வந்த அட்டைப் பெட்டியில் கிடைத்த அந்த வரைபடத்தின் ஓரத்தில், அங்குலக் கணக்கையெல்லாம் நம் உறுப்பினர் பென்சிலால் சென்டிமீட்டராக்கி வைத்திருந்தார். அவர் எழுதியபடியே பலகை அறுத்தோம். தீபாவளிக்கு மறுவாரம் முதல் வண்டி ஓடியது.

அப்புறம் இந்த இதழ்கள் ஏன் மெலிந்தன? இன்டர்நெட் வந்தது, வாசிப்பு போனது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாசகர்கள் குறைந்ததைவிட விளம்பரம் போனதுதான் பெரிய அடி என்பது என் எண்ணம். பழைய இதழ்களின் பின்பக்கங்களைப் புரட்டினால், தபாலில் அனுப்பும் கடைகளின் விலைப்பட்டியல் எறும்பு எழுத்தில் பக்கம் பக்கமாக வருகிறது. மறைந்த நம் உறுப்பினர் அதில் எஞ்சின்களுக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார், ஒன்றைக்கூட வாங்கியதில்லை. அந்தப் பட்டியல்கள் வலைத்தளங்களுக்குப் போனதும் இதழின் வருமானமும் பக்கங்களும் குறைந்தன. சீனாவிலிருந்து முழுதாகச் செய்து முடித்த மாடல்கள் வர ஆரம்பித்த பிறகு, பாகங்களாக வரும் கிட்டை வாங்கி ஒட்டிச் செய்யக் கற்றுத்தரும் கட்டுரைக்கும் தேவை குறைந்தது. 2009 முதல் 'மாடல் ரயில்ரோட் ஹாபியிஸ்ட்' என்ற இணைய இதழ் இலவசமாகவே கிடைத்தது.

நுணுக்க வேலைக்குப் பேர்போன 'மெயின்லைன் மாடலர்' 2006-ல் நின்றது. 2014-ல் கார்ஸ்டன்ஸ் பதிப்பகம் கதவைச் சாத்தியது. அதன் 'ரயில்ரோட் மாடல் கிராஃப்ட்ஸ்மேன்' இதழை ஒயிட் ரிவர் நிறுவனம் எடுத்து நடத்துகிறது. 2024-ல் கால்ம்பாக் நிறுவனமும் 'மாடல் ரயில்ரோடர்' உள்ளிட்ட இதழ்களை ஃபயர்க்ரவுன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்தச் செய்தியை நம் கூட்டத்தில் வாசித்தபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை. இங்கிலாந்தின் டெவன் கடலோரத்தில் பீர் என்ற ஊரில், மாடல் ரயில் தண்டவாளம் தயாரிக்கும் பீகோ நிறுவனமே வெளியிடும் 'ரயில்வே மாடலர்' நிதானமாக வந்துகொண்டிருக்கிறது. சொந்தப் பொருள் விற்கும் வீட்டிலிருந்து வருவது அதற்குத் துணையாக இருக்கலாம்.

சரி, இனி நம் வேலை. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் இருவரும் கட்டுரைத் தலைப்புகளைக் கணினியில் ஏற்றி வருகிறார்கள். 1972 வரை முடிந்திருக்கிறது. கரையான் அண்டாத இரும்பு பீரோ ஒன்று வாங்கவும், அச்சில் வரும் ஓர் இதழுக்காவது சங்கத்தின் பெயரில் சந்தா கட்டவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். சந்தா வீண் செலவு என்று நினைக்கும் உறுப்பினர்கள் ஒரு ஞாயிறு நூலகத்துக்கு வந்து அந்தப் பென்சில் குறிப்புகளைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

1964-ஆம் ஆண்டுக் கட்டில் மூன்று இதழ்கள் இரவல் போய் இன்னும் திரும்பவில்லை. எடுத்துச் சென்றவர்கள் பொங்கலுக்குள் கொண்டுவந்து தரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்