எங்கள் மூத்த சாமிமாருக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புக்குரிய பங்கு மக்களே, அருள்சகோதரிகளே, இளைஞர்களே,

ஆகஸ்ட் 4, பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் திருநாளன்று நீங்கள் வந்து நம் ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தை நிறைத்துவிட்டீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் நன்றி சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

"சாமியாருக்கு என்ன குறை? மறைமாவட்டம் பார்த்துக்கொள்ளாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. பார்த்துக்கொள்கிறது. நோயிலும் முதுமையிலும் குருக்களைப் பேண வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஆனால், உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்தவருக்கு அரசு ஓய்வூதியம் வரும். காலமெல்லாம் பங்குக் கோயில்களிலேயே உழைத்தவருக்கு அது கிடையாது. 75 வயதானதும் பங்குப் பொறுப்பிலிருந்து விலகக் கடிதம் கொடுக்க வேண்டும். மாற்றல் வந்தபோதெல்லாம் ஊர் ஊராகப் போனவர், கூடப் பிறந்தவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு பெட்டியை எங்கே இறக்கி வைப்பார்?

ஏர் பெட், வாக்கர், டயாப்பர், மாதாமாதம் மருந்துச் செலவு என்று கொடுத்தவர்கள் பலர். பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. விடியற்காலையில் மீன் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காசு கேட்காமல் போகும் கடற்கரைப் பங்கு அண்ணன்மாருக்கு எங்கள் சமையற்கார அக்கா தனியாக நன்றி சொல்லச் சொன்னார். முள் குறைந்த மீனாகப் பார்த்துக் கொண்டுவருவதற்காகவும்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் நன்றி சொல்ல நினைப்பது, இங்குள்ள சாமிமாரை நோயாளிகளாக மட்டும் பார்க்காமல் குருக்களாகவே நடத்தியவர்களுக்கு. நிற்க முடியாத குரு உட்கார்ந்தபடியே திருப்பலி நிறைவேற்றலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 930. பார்வை போனவருக்குத் தேவையானால், பயிற்சி பெற்ற பொதுநிலையினர் ஒருவர்கூடத் துணை நிற்கலாம். சட்டம் அனுமதி தருகிறது. தாழ்வான பீடத்தை அது செய்து தருமா? சக்கர நாற்காலி உள்ளே நுழையும் அளவுக்கு அளந்து, கூலி வாங்காமல் செய்து கொடுத்தார் நம் தச்சர். திருப்பலிச் செபங்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தார் ஒரு கல்லூரி மாணவி. பீடத்தில் பக்கம் புரட்டிக் கொடுக்கவும், கண் தெரியாத சாமிக்கு அடுத்த வரியைக் காதருகே சொல்லவும் மரியாயின் சேனை என்ற பக்தசபையின் அண்ணன் ஒருவர் வருகிறார். அந்த அரை மணி நேரம் அந்தச் சாமியின் குரலைக் கேட்க வேண்டும். மற்ற நேரத்தில் தண்ணீர் கேட்பதற்கே தயங்குகிறவர் அவர்.

பாவசங்கீர்த்தனத்துக்கென்று இங்கே தேடி வருகிறவர்களுக்கும் நன்றி. சாமிமாருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் பாவங்களைச் சத்தமாகச் சொல்ல நேர்கிறது என்று சிலர் நெளிகிறீர்கள். பின்பக்க வராந்தாவில் இடம் ஒதுக்கியிருக்கிறோம், அங்கே யாரும் வரமாட்டார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். லட்டும் அல்வாவும் வேண்டாம். பாதிப் பேருக்குச் சர்க்கரை. மீதிப் பேர் அவர்களுக்கு ஒளித்துக் கொடுக்கிறார்கள். பழமாகக் கொண்டுவாருங்கள், மாலை 4 மணிக்கு மேல் வாருங்கள். "தோத்திரம் சாமி" என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உங்கள் ஊர்க்கதை அவர்களுக்கு வேண்டும்: யார் வீட்டில் கல்யாணம், கோயில் கொடிமரம் மாற்றியாயிற்றா, எல்லாம்.

இயேசுவில் அன்புடன்,
இல்லப் பொறுப்பாளர்
ஓய்வுபெற்ற குருக்கள் இல்லம்