மொழி கற்கும் வீடியோக்களுக்கும் படி எண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஜெர்மனிக்குப் போகவேண்டும் என்று ஒன்றேகால் வருடமாக ஜெர்மன் படிக்கிறேன். வெளிநாட்டில் செவிலியர் வேலை பற்றிச் செய்திகள் நிறைய வருகின்றன. சம்பளம், விசா, தேர்வுக் கட்டணம் எல்லாம் எழுதுகிறார்கள். வீட்டில் இருந்தபடி அந்த மொழியைக் காதுக்குப் பழக்குவது எப்படி, எந்த வீடியோவை எப்போது பார்க்கலாம் என்பதைப் பற்றி மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இது தெரியாமல் ஏழு மாதத்தை இழந்தவள் நான்.

ஜெர்மன் படிக்கிற எல்லோருக்கும் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு படிகள் தெரியும். ஒருவருக்கு ஒரு மொழி எவ்வளவு தெரியும் என்று அளக்க ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட அளவுகோல் அது. ஏ1 முதல் படி, சி2 உச்சிப் படி. செவிலியராகப் பதிவு பெறப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். பாடப் புத்தகத்தை வாங்கினால் எந்தப் படிக்கு உரியது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். வீடியோவில் அது அபூர்வம். ‘புதிதாகப் படிப்பவர்களுக்கு’ என்று தலைப்பு இருக்கும். திறந்தால் ஒருவர் ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவார். இல்லையென்றால், வணக்கம் சொல்வது எப்படி என்று பதினைந்து நிமிடமும் தமிழிலேயே விளக்குவார்கள். இரண்டுமே எனக்கு உதவவில்லை.

நான் 30,000 ரூபாய் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையத்தில், முதல் வாரமே வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கும் மேற்பட்ட லிங்குகளை மொத்தமாகப் போட்டார்கள். “எல்லாத்தையும் பாருங்கம்மா, காது தானாப் பழகிரும்” என்றார்கள். நானும் நம்பினேன். இரவு டூட்டி முடிந்து ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் வீடு வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர் என்று பஸ் போய்க்கொண்டே இருக்கும். காதில் ஹெட்செட்டோடு ஒன்றுமே புரியாமல் பார்த்துக்கொண்டு வருவேன். பல நாள் அழுகை வந்தது. மூளைக்கு வயசாகிவிட்டது, இது நமக்கு ஏறாது என்று நினைத்தேன். என் கூடச் சேர்ந்த மூன்று பேர் இதே எண்ணத்தில்தான் பாதியில் நின்றுவிட்டார்கள்.

அந்த லிங்குகளில் ஒன்று, ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல மெதுவாக வாசித்துத் தரும் செய்தி. மெதுவாகத்தானே வாசிக்கிறார்கள், நமக்குச் சரியாக இருக்கும் என்று இரண்டு மாதம் தினமும் கேட்டேன். அது நல்ல நிகழ்ச்சிதான், ஆனால் மேல்படியில் இருப்பவர்களுக்கு உரியது. நாடாளுமன்றம், வரவுசெலவுத் திட்டம், பேச்சுவார்த்தை என்று வரும் சொற்களை எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும், தெரியாத சொல் தெரியாத சொல்தான். வேகத்தைக் குறைப்பது வேறு, எளிமையாகச் சொல்வது வேறு. இதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் குழந்தைகளுக்கான கார்ட்டூன். எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். அங்கே பிறந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு வீட்டுப் பேச்சு முழுக்கத் தெரியும். அந்தக் குழந்தைக்காக எடுத்த படம் நமக்கு எப்படி எளிதாகும்? மந்திரக்கோல், பறக்கும் நாகம், அரண்மனை என்று ஜெர்மனில் கற்றுக்கொண்டேன். ஒரு நோயாளியிடம் ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்க வேண்டிய ‘வோ டூட் எஸ் வே’ என்ற நான்கே சொற்கள் அதில் எங்கும் வரவில்லை.

மாற்றம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே டாய்ச்ச வெல்ல, ஏ1 முதல் பி1 வரை இலவசமாக ஒரு கதைப்பாடம் வைத்திருக்கிறது. ‘நீகோஸ் வேக்’ என்று பெயர். ஸ்பெயினிலிருந்து நீகோ என்ற இளைஞன் ஜெர்மனியில் வந்து இறங்குகிறான், வந்த இடத்தில் பை காணாமல் போகிறது. நான் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏத்தா, பையத் தொலைச்சுட்டானோ? பாவம், ஊரு பேரு தெரியாத இடத்துல” என்றார். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஜெர்மன் என்று ஒரு மொழி இருப்பதே என்னால்தான் அவருக்குத் தெரியும். படமும் முகமும் கையசைவும் கதையைச் சொல்லிவிட்டன. பேச்சு அதன்மேல் வந்து உட்கார்ந்தது. ஏழு மாதமாக எனக்குக் கிடைக்காதது இதுதான் என்று அப்போது தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நூறு சொல்லில் 95 தெரிந்தால் கேட்பது ஓரளவு புரியும் என்று மொழி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நிமிடத்துக்கு 120 சொல் பேசுகிறார் என்றால் ஆறு சொல்வரை தெரியாமல் இருக்கலாம். எந்த வீடியோ என்றாலும் முதல் இரண்டு நிமிடம் எழுத்தை மறைத்துவிட்டுக் கேட்பேன். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவேன். இரண்டு கையும் முடிந்து இன்னும் நாலைந்து போனால், அந்த வீடியோவை மூடிவிட்டுப் பெயரைக் குறித்து வைப்பேன், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று. ஒரு விரலும் மடங்கவில்லை என்றால் அது நான் தாண்டி வந்த படி. ஆங்கில சப்டைட்டிலை முதலில் போடவே கூடாது. கண் படிக்க ஆரம்பித்தால் காது வேலையை விட்டுவிடும். இரண்டாம் முறை ஜெர்மன் எழுத்தோடு பார்த்தால் எங்கே தவறவிட்டோம் என்று தெரியும். தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேசவைக்கும் ‘ஈஸி ஜெர்மன்’ சேனலை இப்போது இப்படித்தான் பார்க்கிறேன். அதிலேயே புதியவர்களுக்கென்று இன்னும் எளிய வரிசை தனியாக இருக்கிறது.

தமிழ் வழியாகச் சொல்லித்தரும் சேனல்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ‘ஏனென்றால்’ என்று பொருள்படும் ‘வைல்’ வந்தால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும் என்பது, ஆங்கிலம் வழியாகப் படித்தபோது எனக்குத் தலைவலியாக இருந்தது. நம் தமிழிலும் வினை கடைசியில்தானே வருகிறது என்று ஒருவர் ஒரு நிமிடத்தில் புரியவைத்தார். அது போதும். மிச்ச நேரம் முழுக்க எளிய ஜெர்மனில் பேசுங்கள், படம் காட்டுங்கள், தலைப்பில் படியைப் போடுங்கள். எங்களுக்கு எண்கள் உயிர் போகும் விஷயம். 142 என்பதை ஜெர்மனில் நூறு, இரண்டு, நாற்பது என்ற வரிசையில் சொல்வார்கள். இரத்த அழுத்தம் சொல்லும்போது அதை 124 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? எண்களை மட்டும் முதலில் நிதானமாகவும், பிறகு வார்டில் பேசும் வேகத்திலும் சொல்லும் வீடியோ தமிழ்ச் சேனல்களில் இன்னும் என் கண்ணில் படவில்லை.

பயிற்சி மையங்கள், அனுப்பும் லிங்கை ஒரு தடவையாவது தாங்களே பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு என்னைப்போல் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். ஜெர்மன், ஜப்பான் மொழி, பிரெஞ்சு படிப்பவர்களுக்குப் படிவாரியாக வீடியோப் பட்டியல் ஒன்றை அங்கே ஒட்டிவைத்தால் செலவு ஒரு தாள்தான். உங்கள் இணைப்பிதழிலும் வாரத்துக்கு நான்கு வரி ஒதுக்கலாம்: வீடியோவின் பெயர், எந்தப் படி, எத்தனை நிமிடம், முன்னால் தெரிந்திருக்க வேண்டிய பத்துச் சொல்.

ஏ1, ஏ2 படிகளுக்கு நான் முழுதாகப் பார்த்துச் சலித்தெடுத்த 43 வீடியோக்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எது புரிந்தது, எந்த இடத்தில் தடுக்கியது என்றும் பக்கத்திலேயே குறித்திருக்கிறேன். பி1 பாதிதான் ஆகியிருக்கிறது. கேட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன். என் முகவரி உள்ளே தனித்தாளில் இருக்கிறது. மருத்துவமனையில் இன்னும் சொல்லவில்லை என்பதால் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.