ஸபத்தேரா ஒலிவ் வகையல்ல

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த ஒலிவ் கட்டுரையில் மன்சனில்லா, கோர்தல், ஒகிப்லாங்கா என்று ஸ்பானிய வகைகளை அடுக்கிவிட்டு, நாலாவதாக 'ஸபத்தேரா'வையும் சேர்த்திருக்கிறார் கட்டுரையாளர். முதல் மூன்றும் சரி. ஸபத்தேரா என்று ஒரு வகை கிடையாது. உப்புநீரில் கிடந்து கெட்டுப்போன ஒலிவைத்தான் ஸ்பானியர் அப்படிச் சொல்வார்கள்.

ஸ்பானிய மொழியில் 'ஸபாத்தோ' என்றால் காலணி. போர்த்துக்கேய மொழியில் அது 'சபாத்து'. அங்கிருந்து வந்ததுதான் யாழ்ப்பாணத்தில் நாங்கள் இன்றும் காலில் மாட்டும் சப்பாத்து. ஆக, கெட்டுப்போன அந்த ஒலிவுக்கும் எங்களுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு! ஸபத்தேரோ, ஸபத்தேரா என்றால் சப்பாத்துத் தைப்பவர். உணவைப் பற்றிச் சொல்லும்போது, பல நாள் கிடந்து தோலாக இழுபடுவதையும் அந்தச் சொல் குறிக்கும். வேகிற பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதால் விறைத்துப்போன பயறுக்கும் அதே பெயர்தான். ஒலிவில் மட்டும் விஷயத்தைப் பல்லை விட மூக்குத்தான் முதலில் கண்டுபிடிக்கும். மக்கிய தோலின் நாற்றம் அப்படி அடிக்கும்.

காரணமும் சுவாரசியமானது. பச்சை ஒலிவைக் காரச்சோடாக் கரைசலில் போட்டுக் கசப்பை எடுப்பார்கள். அப்புறம் கழுவி, உப்புநீரில் புளிக்கவிடுவார்கள். புளிப்பு நன்றாக ஏறிவிட்டால் பயமில்லை. புளிப்பு ஏற ஏறக் குறையும் பி.எச். அளவு 4.2-க்குக் கீழே இறங்காமல், உப்பும் குறைவாக இருந்தால், குளிர் போய் வெயில் தொடங்கும்போது வேறு பாக்டீரியாக்கள் கிளம்பிவிடும். இவை புளிப்பைத் தரும் லக்டிக் அமிலத்தைத் தின்று, புரொப்பியோனிக் போன்ற அமிலங்களை விடும். புளிப்பு இறங்க இறங்க நாற்றம் ஏறும். அதனால்தான் புளித்து முடிந்த கையோடு உப்பை 8 வீதத்துக்கு மேல் கூட்டிவிடுகிறார்கள்.

மட்ரிட்டில் உள்ள சர்வதேச ஒலிவ் சபையின் சுவைப் பரிசோதனை முறையில் இந்த நாற்றம் 'ஸபத்தேரியா' என்ற பெயரில் குறைகளில் ஒன்றாக இருக்கிறது. ஆங்கிலத்திலும் அந்த ஸ்பானியச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். தமிழில் எழுதுவதென்றால் 'சப்பாத்து வாடை' என்றே எழுதலாம். எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். கட்டுரையை நம்பி யாராவது கடைக்குப் போய் "ஸபத்தேரா ஒரு போத்தல் தாங்கோ" என்று கேட்டுவிடப் போகிறார்கள்.

ஒரு வாசகர்,
யாழ்ப்பாணம்.