தண்ணீர் விலை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

பாசன நீருக்குக் கட்டணம் போட்டால் சிக்கனம் தானாக வந்துவிடும் என்கிறார்கள். பாதிதான் சரி. இறக்குமதி வரியால், நீர் அதிகம் குடிக்கும் ஒரு பயிருக்கு உள்நாட்டில் நல்ல விலை நிற்கிறதென்றால், விவசாயி கட்டணத்தைக் கட்டிவிட்டு அந்தப் பயிரையேதான் போடுவார். வேறென்ன செய்வார்? நீர்வளத்துறையும் வணிகத்துறையும் ஒரே மேசையில் உட்காராதவரை இது தீராது.

சவூதி அரேபியாவைப் பாருங்கள். 1980-களில் பாலைவனத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கி, உலகச் சந்தையைவிடப் பல மடங்கு விலை கொடுத்து அரசே கோதுமையை வாங்கியது. மிஞ்சியது ஏற்றுமதியும் ஆனது. மீண்டும் ஊறாத பழைய நிலத்தடி நீர் அப்படிக் கோதுமையாகக் கப்பலேறியது. 2008-இல் கொள்முதலைக் குறைக்கத் தொடங்கி, 2016-இல் நிறுத்தினார்கள். அப்புறம்? கோதுமையைவிட அதிகம் குடிக்கும் குதிரைமசால் தீவனம் அந்த வயல்களுக்கு வந்தது. நீர் அப்போதும் மலிவாகவே கிடைத்தது. பயிர் விலையை மட்டும் மாற்றினாலும் போதாது; இரண்டும் சேர்ந்தே மாறவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்