தம்பிக்கு: நீ டிக் அடிக்காத பேச்சுகளைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

கோவையில் நடக்கும் டெட்எக்ஸ் கூட்டத்துக்கு (பல துறைக்காரர்கள் ஒரே மேடையில் சுருக்கமாகப் பேசும் டெட் மாநாட்டின் பாணியில் உள்ளூர்க்காரர்கள் நடத்துவது) டிக்கெட் எடுத்துவிட்டு, "இதெல்லாம் யூடியூபிலேயே சும்மா கிடைக்கிறதே, வீண் செலவோ?" என்று கேட்டிருக்கிறாய். நிகழ்ச்சி நிரலையும் அனுப்பியிருக்கிறாய். அதில் கட்டுமானம் பற்றிய இரண்டு பேச்சுகளுக்கு மட்டும் டிக் அடித்திருக்கிறது. அந்த இரண்டையும் கேட்டுவிட்டுக் கிளம்புவதாக இருந்தால் வீண் செலவேதான்.

வீட்டில் பார்க்கும்போது நமக்குத் தெரிந்ததைத்தான் தேடிப் பார்ப்போம். சலிப்புத் தட்டினால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். அரங்கின் நடு வரிசையிலிருந்து எழுந்து போக வேண்டுமானால் பத்துப் பேருடைய முழங்காலை இடித்தாக வேண்டும். அந்தக் கூச்சத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறாய் என்று வைத்துக்கொள்.

1984-இல் கலிபோர்னியாவின் மான்டெரேயில் ரிச்சர்ட் சால் வுர்மனும் ஹாரி மார்க்ஸும் டெட் மாநாட்டைத் தொடங்கியபோதே அது கதம்பமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் அப்போது புதிதாக வந்திருந்த குறுந்தகடு, இன்னொரு பக்கம் கடற்கரையின் கோணல்மாணலைக் கணிதத்துக்குள் கொண்டுவந்த கணித அறிஞர் மாண்டல்பிராட். நஷ்டம்தான் மிச்சம். அடுத்த மாநாடு 1990-இல்தான் நடந்தது. 2006-இல் பேச்சுகளை இணையத்தில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் பல ஆயிரம் டாலர் கட்டி நேரில் போகிறவர்கள் குறையவில்லை. (பணக்காரர்களோடு கைகுலுக்கத்தான் பாதிப் பேர் போகிறார்கள் என்பது என் சந்தேகம். கோவையில் உனக்கு அந்த ஆபத்து இல்லை.)

2009 நவம்பரில் மைசூர் இன்ஃபோசிஸ் வளாகத்தில் டெட் இந்தியா மாநாடு நடந்தது. அதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த துளசிராஜ் பேசினார். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. அவரை உலுக்கிய முன்மாதிரி எது தெரியுமா? மெக்டொனால்ட்ஸ். எந்த ஊரிலும் ஒரே தரம், ஒரே முறை, குறைந்த விலை. அதைக் கண்புரை அறுவைக்குக் கொண்டுவந்தார். அங்கே அறுவை அறையில் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். இந்தக் கண் முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். கண் மருத்துவர்கள் கண் மருத்துவர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்த யோசனை வந்து சேர்ந்திருக்காது.

உன் நிரலில் நாதஸ்வரம் செய்வது பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. நீ அதற்கு டிக் அடிக்கவில்லை. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைபவர்கள் தேடி அலைவது பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை. பல பத்தாண்டுகள் உத்திரமாகக் கிடந்து காய்ந்த மரம்தான் அவர்களுக்கு வேண்டும். வீடு இடிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவன் நீ. அந்தப் பேச்சில் உனக்கு வேலை இல்லையா?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டெட் மேடையில் ஒரு பேச்சுக்கு உச்சவரம்பு 18 நிமிடம். பேசுபவரின் காலடியில் கடிகாரம் இறங்குமுகமாக ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் கைதட்டல், அடுத்தவர் வந்துவிடுவார். பெரும்பாலும் கேள்வி நேரம் கிடையாது. பல வாரம் ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் கேட்கும்போது சரியென்றே தோன்றும். அதனால் எழுந்து நின்று கைதட்டுவதற்கு முன், சொன்னதில் சரிபார்க்கக்கூடியது என்ன என்று பார்.

அதே மைசூர் மாநாட்டில், புள்ளிவிவரங்களைப் படமாக்கிக் காட்டும் ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங், சராசரி வருமானத்தில் இந்தியாவும் சீனாவும் அமெரிக்காவை எட்டிப்பிடிக்கும் நாள் 2048 ஜூலை 27 என்றார். அன்று அவருக்கு நூறு வயது நிறைந்திருக்கும், அரங்கமே சிரித்தது. 2017-இல் அவர் போய்விட்டார், ஆனால் தேதி நிற்கிறது. பலித்ததா பொய்த்ததா என்று அன்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். பிரணவ் மிஸ்திரி என்ற ஆராய்ச்சி மாணவர் கழுத்தில் கேமராவும் சிறு புரொஜெக்டரும் மாட்டிக்கொண்டு, விரல்களில் வண்ண மூடிகளோடு வந்து, விரலசைவிலேயே கணினியை இயக்கிக் காட்டி எல்லோரையும் வாய்பிளக்க வைத்ததும் அங்கேதான். நானும் வீடியோவில் பார்த்து வாய்பிளந்தேன். அந்தக் கருவியை இன்றுவரை யார் கழுத்திலும் பார்த்ததில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, கைதட்டலின் அளவு எதையும் நிரூபிப்பதில்லை என்கிறேன்.

மேடையில் கேட்க முடியாததைச் சாப்பாட்டு வரிசையில் கேள். டெட் வகைக் கூட்டங்களில் பேச்சாளர்களுக்குப் பணம் தருவதில்லை. ஆசைப்பட்டு வந்தவர்கள் என்பதால் பலரும் மதியம் வரை அங்கேதான் இருப்பார்கள். "இதில் எது சரிவரவில்லை?" என்று கேட்டுப்பார். மேடையில் விட்டதையெல்லாம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கூடவே, அந்த ஆச்சா மரம் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்றும் விசாரித்து எழுது. நம் பெரியப்பா வீட்டை அடுத்த மாதம் இடிக்கப்போகிறார்கள்.

அன்புடன்,
அக்கா